இல்லாத பட்டாம்பூச்சிக்கு ஒரு டிக்

பட்டாம்பூச்சி எண்ணும் வேலையை பஸ் டிரைவர் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. அவர் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டியது வேறு யாருமில்லை, அவருடைய மனைவிதான்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவருக்கு ஓய்வு நாள். மாடியில் குடியிருக்கிற மச்சினனுக்கும், அதாவது அவளுடைய தம்பிக்கும், அன்றைக்குத்தான் அவன் நடத்துகிற சலூனுக்கு லீவு. இரண்டு பேரும் விடிந்ததும் கூடத்து சோபாவில் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துகொள்வார்கள். டி.வி.யில் எது ஓடினாலும் வாயைத் திறந்தபடி பார்ப்பார்கள். அவள் பெருக்க வந்தால் காலை மட்டும் தூக்கிக் கொடுப்பார்கள். இந்தக் கால் தூக்கும் உபகாரத்தை அவள் பல வருஷம் பொறுத்துப் பார்த்தாள். இந்த வசந்தம் பிறந்ததும் பொறுமை தீர்ந்துபோனது. தெருமுனையில் மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த அம்மாளிடம் போய், "எங்க வீட்டுல ரெண்டு பேர் சும்மா கிடக்காங்க. உங்க பட்டாம்பூச்சிக் கணக்குக்கு வேணும்னா ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த அம்மாள் அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் பாதை போகிறது. வசந்தம் முழுக்க வாரம் ஒரு நாள் அந்தப் பாதையில் பட்டாம்பூச்சி எண்ணுகிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. மச்சினன் அவருக்கு முதல் நாளே 'மாத்திரை அம்மா' என்று பெயர் வைத்துவிட்டான். அவர் எதைச் சொன்னாலும் மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுகிற தோரணையில்தான் சொல்வார். வெயில் நன்றாக ஏறிய பிறகு. காற்று இல்லாதபோது. மெதுவாக நடந்து. வழியில் நிற்காமல்.

"ரெண்டு ரெண்டு பேரா நடக்கணும். ஒரே பாதை, ஆனா ஆளுக்கு ஒரு கணக்கு. பாதையும் ரெண்டு பக்கப் புல்லும்தான் நம்ம எல்லை. பின்னாடி போனது போனதுதான், திரும்பிப் பார்த்து எண்ணக் கூடாது. முக்கியமா, ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் எண்ணவே கூடாது. அப்பதான் ஒருத்தர் கண்ணுல விட்டது இன்னொருத்தர் கண்ணுல மாட்டும்."

சொல்லிவிட்டு ஆளுக்கொரு எண்ணும் கருவியைக் கையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருண்டை டப்பா. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் 'டிக்' என்று ஒரு எண் கூடும். பஸ் ஏறுகிற ஆட்களை எண்ண டிப்போவில் இதே சாமான் உண்டு என்பதால் டிரைவருக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

முதல் வாரம் மரப்பாலத்தில் தொடங்கி பழைய பம்ப் ஷெட் வரை நடந்தார்கள். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அதற்குள் மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்திலேயே டிரைவருக்கு வேலை பிடித்துப்போனது. குறுக்கே எது வந்தாலும் உடனே கண்ணில் படவேண்டும் என்பதுதானே அவர் பிழைப்பு. ஒரு வெள்ளை. டிக். இறக்கை நுனியில் ஆரஞ்சு தொட்டுவைத்த ஒன்று. டிக். புல்லோடு புல்லாக ஒட்டிக்கொண்டு விரல்நகம் அளவில் ஒரு நீலம். அதையும் விடவில்லை, டிக். மச்சினன் பக்கத்தில் வாய் ஓயாமல் கடைக்கு வருகிற ஆட்களின் கதையை அளந்துகொண்டே வந்தான். பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் மணியடித்து மணியடித்து அலுத்து, கடைசியில் திட்டிவிட்டுப் போனார்கள்.

பம்ப் ஷெட் நிழலில் மாத்திரை அம்மா மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க."

"முப்பத்தாறு" என்றார் டிரைவர்.

"பதினாலு" என்றான் மச்சினன்.

அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே பாதையிலதானே வந்தீங்க?"

"இல்லம்மா, நான் ஆகாய மார்க்கமா வந்தேன்" என்றான் மச்சினன். அம்மா சிரிக்கவில்லை. முதல் தடவை அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று சொல்லி இரண்டையும் குறித்துக்கொண்டார்.

டிரைவர் கையிலிருந்த கருவியை இன்னொரு தடவை பார்த்தார். முப்பத்தாறுதான். நாலோ ஐந்தோ வித்தியாசம் என்றால் விட்டுத் தள்ளலாம். இது பாதிக்கும் மேலே போகிறது. அப்படியானால் மச்சினன் பார்க்காத அந்த இருபது சொச்சம் எங்கே பறந்தது?

அவர் யாருக்கும் சொல்லாத ஒரு சங்கதி இருந்தது. குளிர்காலத்திலிருந்து அவர் கண்ணுக்குள் என்னமோ மிதந்துகொண்டிருந்தது. வெளுத்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்தால் போதும், பொடிப்பொடியாகப் புள்ளிகள், கூடவே அறுந்த நூல் துண்டு ஒன்று. நேராகப் பார்க்கப் போனால் நழுவி ஓடும். சரி தொலையட்டும் என்று விட்டால் திரும்பி வரும். வெளியே சொல்லாததற்குக் காரணம் அவருடைய அப்பா. அப்பாவுக்கு இதே வயதில்தான் பார்வை போனது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியிருக்கிறது. மனுஷன் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் சமாளித்திருக்கிறார். ஒரு நாள் வாசலில் வந்து நின்ற சொந்த மகனைப் பார்த்து, "யாருங்க, என்ன வேணும்?" என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்த மகன் இவர்தான்.

அடுத்த மாதம் டிப்போவில் வருஷாந்தரக் கண் பரிசோதனை இருந்தது. அதில் தேறாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். ஆனால் வேலை போவதுகூட அவருக்கு இரண்டாம்பட்சம். அப்பா கேட்ட அந்த "யாருங்க" தான் இத்தனை வருஷமாக அவர் நெஞ்சில் நின்றது. அது இப்போது தன் வாயிலிருந்தும் வரப்போகிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. கணக்கை அவரே போட்டு முடித்துவிட்டார். மச்சினன் பார்த்த பதினாலும் நிஜப் பூச்சி. மிச்சமெல்லாம் தன் கண்ணுக்குள்ளேயே பறக்கிறது.

அந்த வாரம் முழுக்க சிக்னலில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு மாற்றி மூடிப் பார்த்தார். பக்கத்துக் காரில் இருந்த பெண்மணி, இவர் தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறார் என்று நினைத்து ஒரு முறை முறைத்தார். டிரைவர் பச்சை விளக்கு விழுந்ததும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வண்டியை எடுத்தார்.

இரண்டாவது ஞாயிறு அவர் ஒரு தீர்மானத்தோடு போனார். எதைப் பார்த்தாலும் சட்டென்று அழுத்துவதில்லை. நிஜமா, நிஜமா என்று மனசுக்குள் இரண்டு தடவை கேட்டு, பூவில் உட்கார்ந்து இறக்கையை மடக்கினால்தான் கணக்கில் சேர்ப்பது. பறந்தபடியே போனதையெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டார். பம்ப் ஷெட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பத்தொன்பது" என்றார்.

"நாப்பது" என்றான் மச்சினன்.

இந்தத் தடவை மாத்திரை அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றியே விட்டார். "போன வாரம் நீங்க அதிகம், இந்த வாரம் இவர் அதிகம். முறை வெச்சுக்கிட்டீங்களா?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது துடுக்காகச் சொல்கிறவன், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. போன வாரம் இல்லாததைப் பார்த்தேன், இந்த வாரம் இருப்பதையே பார்க்கவில்லை, ஆகமொத்தம் கண் முழுசாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று மனைவி கேட்டாள். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோனார்.

மூன்றாவது ஞாயிறு வேண்டாவெறுப்பாகத்தான் கிளம்பினார். தலை வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். மனைவி தலைவலி மாத்திரையையும் தொப்பியையும் சேர்த்து நீட்டினாள்.

அன்றைக்கு மச்சினன் வாயைத் திறக்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு இவ்வளவு தூரம் நடப்பதே அதிசயம். அதோடு பக்கத்தில் வராமல் ஓரடி பின்தங்கி, டிரைவரின் கையை ஒட்டியே வந்தான். என்னடா என்றால், ஒன்றுமில்லை, வெயில் என்றான். டிரைவர் எதையும் யோசிக்காமல் பார்த்ததையெல்லாம் அழுத்திக்கொண்டு போனார். பொய்யோ நிஜமோ, இனி என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டது.

பாதித் தூரத்தில் ஒரு மரத்தின் வேர் தார்ப் பாதையைப் பிளந்துகொண்டு மேலே வந்திருந்தது. டிரைவருக்கு அதில் கால் இடறியது. விழவில்லை, ஆனால் சமாளித்த வேகத்தில் கட்டைவிரல் அழுந்திவிட்டது.

டிக்.

பின்னாலேயே, மூச்சு விடுகிற நேரத்தில், மச்சினன் கையிலிருந்தும் ஒரு டிக்.

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே பாதை, புல், கம்பி வேலி, வானம். பட்டாம்பூச்சி என்ன, ஒரு ஈகூட இல்லை. கண்ணுக்குள் மிதக்கிற சனியன்கூட அந்த நேரம் எங்கேயோ ஒதுங்கியிருந்தது. இவன் எதைப் பார்த்து அழுத்தினான்?

தற்செயலாக இருக்கும் என்று பத்தடி நடந்தார். பிறகு ஒரு கல்லைப் பார்த்து அழுத்தினார். டிக். பின்னால் டிக். எதிரே வந்த சைக்கிள்காரரைப் பார்த்து இரண்டு தடவை அழுத்தினார். பின்னால் இரண்டு. டிரைவருக்கு இந்த ரகத்தை நன்றாகத் தெரியும். டிக்கெட் எடுக்காமல் ஏறுகிற ஆசாமி, முன்னால் இருப்பவர் "பாஸ்" என்றால் தானும் "பாஸ்" என்பான். இருபத்தைந்து வருஷமாக அந்தக் குரலைக் கேட்டவர் அவர்.

அப்போது வலது பக்கப் புல்லிலிருந்து ஒரு வெள்ளை கிளம்பி வந்தது. டிரைவர் கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டார். பூச்சி அவர் முன்னால் நிதானமாகக் கடந்து, மச்சினனின் மூக்குக்கு நேராகப் போய், தொப்பியை ஒரு சுற்று சுற்றி, அவன் இடது தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. இறக்கையை ஒரு தரம் விரித்து மூடியது. மச்சினன் கையில் சத்தமே இல்லை.

"மாப்ள" என்றார் டிரைவர்.

"சொல்லுங்க மச்சான்."

"உன் தோள்ல என்ன இருக்கு?"

"என்ன, தூசியா?" என்று கேட்டுக்கொண்டே மச்சினன் வலது தோளைத் தட்டிவிட்டான்.

"எத்தனை நாளாடா?"

"எது?"

"நடிக்காத. எத்தனை நாளாக் கண்ணு தெரியல?"

மச்சினன் பாதையோரத்தில் அப்படியே உட்கார்ந்தான். பட்டாம்பூச்சி பறந்துபோனது. கொஞ்ச நேரம் கருவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "குளிர்காலத்திலேருந்து மச்சான். எல்லாம் ஒரே மூட்டமாத் தெரிஞ்சுது. பனின்னுதான் நினைச்சேன். பனிக்காலம் போயிடுச்சு, இது போகல."

டிரைவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பானேன்! சுத்தமான, வெட்கங்கெட்ட சந்தோஷம். நான் இல்லை, இவன்தான்! என் முப்பத்தாறும் முப்பத்தாறுதான்! குதிக்காத குறை. மச்சினன் குனிந்த தலையைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் வந்த வழியே ஓடிப்போனது, அதன் இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று வந்தது. அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"டேய்! முந்தாநாள் எனக்கு சவரம் பண்ணினியே!"

"பண்ணினேன்."

"கத்தியிலடா!"

"எல்லாம் கைப்பழக்கம் மச்சான். உங்க கழுத்து எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கிட்டே பண்ணுவேன்."

"மூடிக்கிட்டுத்தானேடா பண்ணியிருக்க!"

மச்சினனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்ததால் இரண்டையும் முழங்கையால் துடைத்துக்கொண்டான். பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே முடி வெட்டி முடித்துவிடுகிறானாம். சாயங்காலம் யாராவது வந்தால் கரண்ட் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறானாம்.

"பக்கத்துக் கடையிலெல்லாம் லைட் எரியுமேடா?"

"அதைத்தான் அவங்களும் கேட்டாங்க."

முடி வெட்டுகிறவனுக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு ஆள் காதில் விழுந்தால் போதும், மறுநாள் நாற்காலியில் உட்கார ஒரு ஜீவன் வராது என்ற பயத்தில்தான் வாயைத் திறக்கவில்லை என்றான். "முதல் வாரம் உண்மையைத்தான் சொன்னேன். பதினாலு. நீங்க முப்பத்தாறுன்னதும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. சரி, அடுத்த வாரம் எப்படியும் நாப்பது சொல்வீங்கன்னு கணக்குப் போட்டு, நானும் கருவியில நாப்பது வர்ற வரைக்கும் அழுத்தி வெச்சுட்டேன். நீங்க என்னடான்னா பத்தொன்பதுன்னுட்டீங்க! இன்னைக்கு வம்பே வேணாம்னு உங்க டிக்கைக் கேட்டே அழுத்திக்கிட்டு வந்தேன். கண்ணு தெரியாதவன் நானு, நான் பொய் சொன்னேன். உங்களுக்கு என்ன கேடு? ஏன் குறைச்சீங்க?"

டிரைவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது சொல்லாமல் தப்பிக்க முடியாது. புள்ளிகளைச் சொன்னார், நூலைச் சொன்னார். அப்பா வாசலில் கேட்ட கேள்வியையும் சொன்னார். அதை வாய்விட்டுச் சொல்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. மச்சினன் கேலி செய்யவில்லை.

"அக்காகிட்டயும் சொல்லலையா?"

"நீ சொன்னியா?"

"அக்காகிட்டயா? நல்லாச் சொல்வேனே!"

அக்காளிடம் சொல்வதற்கு இருவரில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது என்பதில் மட்டும் அவர்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை. அதை நினைத்ததும் இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். பாதையை மறித்துக் கால் நீட்டி உட்கார்ந்து சிரிக்கிற இரண்டு பெரிய மனுஷர்களைப் பார்த்து ஒரு சைக்கிள் குடும்பம் மணியடிக்கவும் மறந்து புல்லில் இறங்கிப் போனது.

மாத்திரை அம்மாவிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் முழுதும் கேட்டார். பிறகு மூன்று வாரக் கணக்கையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.

"உங்களால இந்தப் பாதையில இந்த வசந்தத்துக்குப் பாதிக் கணக்கே போச்சு. அது கிடக்கட்டும். கண்ணுல கோளாறை வெச்சுக்கிட்டு ஒருத்தர் பஸ் ஓட்டறாரு, ஒருத்தர் கத்தி பிடிக்கிறாரு! ஊர்ல நாங்கல்லாம் உயிரோட இருக்கறதே பெரிய விஷயம்" என்று ஆரம்பித்து, இருவர் காதும் சிவக்கிற மட்டும் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்ததும் பையிலிருந்து போனை எடுத்து, கண் ஆஸ்பத்திரியில் தெரிந்த நர்ஸிடம் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து நேரம் வாங்கினார். அப்படியே அடுத்த போனை டிரைவர் வீட்டுக்கும் போட்டுவிட்டார்.

வீட்டில் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு தட்டு வைத்தாள், பரிமாறினாள், எதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டு முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "செவ்வாய்க்கிழமை நானும் வரேன்" என்றாள். அதுவரைக்கும் பஸ்ஸையோ கத்தியையோ யாராவது தொட்டால் தெரியும் சேதி என்ற வாக்கியத்தை அவள் வாயால் சொல்லவில்லை, பாத்திரத்தை வைத்த சத்தத்தில் சொன்னாள். டிரைவர் டிப்போவுக்கு இரண்டு நாள் லீவு சொன்னார். மச்சினன் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தான்.

கண் ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியில் இருந்தது. மச்சினனை முதலில் கூப்பிட்டார்கள். போனவன் போன சுருக்கில் திரும்பினான். இரண்டு கண்ணிலும் புரை. வயதுக்குக் கொஞ்சம் சீக்கிரம்தான், ஆனால் சின்ன ஆபரேஷன், ஒரு கண் முடித்து இன்னொரு கண், அப்புறம் பளிச்சென்று தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"முடி வெட்டலாமான்னு கேட்டேன். ஆபரேஷன் முடியற வரைக்கும் கத்தியைத் தொடாதீங்கன்னுட்டாங்க."

"நல்லாக் கேட்டுக்க" என்றார் டிரைவர், கழுத்தைத் தடவிக்கொண்டே. மச்சினன் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ரத்த ஓட்டம் தெரிந்தது. பெஞ்சில் சாய்ந்து காலை நீட்டி, வந்திருந்தவர்களோடு கதை அளக்கத் தொடங்கிவிட்டான்.

டிரைவரை ஒரு இருட்டு அறைக்குள் கூட்டிப்போனார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் நர்ஸ். "நடுவுலயே பாருங்க. ஓரத்துல எங்கயாவது வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா அழுத்துங்க. தெரியலைன்னா அழுத்தாதீங்க." டிரைவர் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டார். பக்கத்தில் சரிபார்க்க மச்சினன் இல்லை, கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. மேலே ஒரு புள்ளி மின்னியது, அழுத்தினார். கீழே, மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று ஒன்று. நிஜமா என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, அழுத்தினார். அப்பா இந்தக் கிண்ணத்துக்குள் முகம் வைத்திருந்தால் ஓரத்தில் எதுவுமே தெரிந்திருக்காது என்று நடுவில் தோன்றியது. அடுத்த புள்ளியை அதனால் விட்டுவிட்டார். இரண்டு கண்ணும் முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அப்புறம் கண்ணுக்குள் காற்றை ஊதிப் பார்த்தார்கள், சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள், கடைசியில் டாக்டர் விளக்கைப் பிடித்து உள்ளே நோட்டம் விட்டார். டாக்டர் சின்னப் பெண். பார்த்து முடித்து, மிஷின் கொடுத்த தாளையும் புரட்டினார்.

"கண்ணுல பிரஷர் சரியா இருக்கு. நரம்பு நல்லா இருக்கு. ஓரப் பார்வை முழுசா இருக்கு. ஒரே ஒரு புள்ளியை விட்டிருக்கீங்க, அது எல்லாரும் விடறதுதான்."

"அப்ப உள்ள மிதக்குதே, அது?"

"கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கும். வயசாக ஆக அதுல நூல் நூலா விழும், அந்த நிழல்தான் தெரியுது. பாதிப் பேருக்கு இருக்கு. திடீர்னு நிறையப் புள்ளி வந்தாலோ, மின்னல் வெட்டினாலோ அன்னைக்கே ஓடி வாங்க. மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல. அப்பாவுக்கு இருந்ததால வருஷா வருஷம் வந்து காட்டுங்க."

"வெளிய பூச்சி பறக்கறதாப் பார்த்தேன் டாக்டர். வெள்ளையா, நீலமா, நிறைய."

"பூச்சியைப் பார்த்திருந்தா அது பூச்சிதான்" என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

"எதை?"

"முதல்லேருந்து."

அடுத்த ஆளைக் கூப்பிடப் போன டாக்டர் நிறுத்தி, பிரஷரில் தொடங்கி எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். டிரைவர் எழுந்து, கும்பிடுவதா கை கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் அரைகுறையாகச் செய்துவிட்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மருந்து விட்ட கண்ணுக்கு அவள் ஒரு நிறமாகத்தான் தெரிந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லையாம்." அதைச் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்து, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதார். பாரம் இறங்கிய அழுகை, அதை அவரால் அடக்க முடியவில்லை, அடக்க விருப்பமும் இல்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை மாசம் உள்ளயே வெச்சுக்கிட்டு வெந்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன, உங்க கண்ணைப் பிடுங்கிக்குவேனா?"

"அப்பாவுக்குக் கண்ணு போய்க் கொஞ்ச வருஷம் கழிச்சு ஒரு நாள் என்கிட்ட சொன்னாரு. 'உங்க அம்மா மூஞ்சி ஞாபகத்துக்கு வரமாட்டேங்குதுடா'ன்னு. குரல் தெரியுது, மூஞ்சி வரலைன்னாரு." டிரைவர் மூக்கை உறிஞ்சினார். "அதான் நான் உன் மூஞ்சியை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன். நீ காபி குடிக்கறப்ப, துணி மடிக்கறப்ப. கொஞ்சம் கொஞ்சமா."

அவள் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் அப்படி வெச்ச கண்ணு வாங்காமப் பார்த்தீங்களா?"

"ஆமா."

"நான் வேற என்னமோன்னு நினைச்சேன்."

"என்னன்னு?"

"இந்த வயசுல மனுஷனுக்குத் திடீர்னு ஆசை வந்திருக்குன்னு. தோடுகூட மாத்தினேன்." குரலில் இருந்தது கோபமா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "இப்ப என் மூஞ்சி தெரியுதா?"

"இல்ல. மருந்து விட்டிருக்காங்க, கலங்கலாத் தெரியுது."

"அப்ப மனப்பாடம் பண்ணினதை ஒப்பிங்க பாப்போம்."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். "இடது புருவத்துல ஒரு தழும்பு, அந்த இடத்துல முடி முளைக்காது. சிரிச்சா வலது கன்னத்துல மட்டும்தான் குழி விழும். கோவம் வந்தா முதல்ல மூக்கு நுனி சிவக்கும், அப்புறம்தான் சத்தம் வரும். யோசிக்கறப்ப கீழுதட்டைக் கடிப்பே, அந்த இடம் எப்பவும் கொஞ்சம் காய்ஞ்சிருக்கும். கண்ணுக்குக் கீழ ரெண்டு கோடு. ஒண்ணு பழசு. ஒண்ணு இந்த வருஷம் வந்தது—"

"போதும், போதும். ஆளுங்க இருக்காங்க" என்றாள். அவள் கை அவர் கையைத் தேடிப் பிடித்தது. பிறகு, மற்றவர் காதில் விழாதபடி, "கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களேன்னு பார்க்கறதை நிறுத்திடாதீங்க" என்றாள்.

மச்சினனுக்கும் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். கீழே போகிற படிக்கட்டு இரண்டு ஆண்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. அவள் ஒரு கையில் தம்பியையும் ஒரு கையில் புருஷனையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் "படி, படி" என்று சொல்லி இறக்கிக் கூட்டிப்போனாள்.